பட்டன் இல்லாத பியானோ

சித்தப்பா பியானோவின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த அந்த நிமிடம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எதிரே மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவின் வலது கை மூடியின் ஓரத்தைத் தடவியது, பிறகு பக்கவாட்டை, பிறகு அடிப்பக்கத்தை. பளபளவென்று துடைத்து வைத்திருந்த அந்தக் கறுப்பு மரத்தில் அவர் தேடியது கிடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இதுல பட்டனே இல்லம்மா" என்றார்.

ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சித்தப்பா விற்பனையாளர். முகூர்த்த நாட்களில் மாலையானால் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர். கல்யாண மேடையில் பாட வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சுருதி. மாப்பிள்ளையின் மாமா ஆசைப்பட்டு மைக்கைப் பிடித்துவிட்டால் அது இன்னொரு சுருதி. அதற்கெல்லாம் சித்தப்பா விரலை மாற்ற மாட்டார். கீபோர்டில் இருக்கும் ஒரு பட்டனைத் தட்டுவார். பாட்டு ஏறும், இறங்கும், விரல்கள் பழகின இடத்திலேயே ஓடும். குழுக்காரர்கள் பலரும் செய்வதுதான் இது.

நான் வேலூரில் கல்லூரி படித்தபோது தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவள். மார்க் அள்ளலாம் என்றார்கள். அள்ளினேன். கூடவே பிரெஞ்சுக் கலைப்பாடல்களின் பைத்தியமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு குரலும் பியானோவும் சரிசமமாகப் பேசிக்கொள்கிற பாட்டு அது. வேலைக்குப் போன பிறகு பாண்டிச்சேரி ஆசிரியை ஒருவரிடம் வீடியோ காலில் கற்றுக்கொண்டேன். பியானோ பகுதியை வாசிக்க வீட்டிலேயே சித்தப்பா இருந்தார், மேற்கத்திய இசைக்குறிப்பும் படிக்கத் தெரிந்தவர். முதல் வாரம் பின்னால் டிரம்ஸ் தாளத்தை ஓடவிட்டார். தோட்டத்தில் தனியாகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு, மாப்பிள்ளை அழைப்பு போல ஆகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அதை நிறுத்த வைத்தேன். அச்சில் இருந்த சுருதி எனக்கு எட்டாது, இரண்டு கட்டை இறக்குங்கள் என்றேன். அவர் பட்டனைத் தட்டினார். போனில் கேட்டதை வைத்து ஆசிரியையும் என்னுடையது தாழ்ந்த குரல்தான் என்றார். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

சென்னையில் நடந்த அந்தத் தேர்வு, இந்தப் பாட்டுக்கென்றே நடத்தும் ஆறு மாதப் பயிற்சிக்கானது. அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிந்தது. விட்டால் விட்டதுதான். கீபோர்டைப் பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தோம். பியானோ மட்டும்தான் என்று வாசலிலேயே அதை வாங்கி வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நோட்ல இருக்கறபடிதான் எனக்கு வெரலு போவும். ரெண்டு கட்டை மேலதான் வரும். எட்டாத எடத்துல சும்மா நின்னுக்கோ. நான் வாசிச்சிகினே இருப்பேன், நிறுத்த மாட்டேன்."

போளூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் அடிதடி நடந்தபோதுகூட அவர் வாசிப்பை நிறுத்தவில்லை என்று குழுவில் சொல்வார்கள். அதனால் நம்பி நின்றேன்.

முதல் வரிகளைத் தயங்கித் தயங்கிப் பாடினேன். அந்த உயரமான இடம் நெருங்கியது. சும்மா நிற்பதாகத்தான் எண்ணம். ஆனால் பியானோ எனக்காகக் காத்திருக்காமல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை தூரம் வந்தவரைத் தனியாக விட மனசு வரவில்லை. வாயைத் திறந்தேன். கூரை வரைக்கும் போனது என் குரலா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த உயரத்துக்கு நானே ஆசையாகப் போனேன்.

பாடி முடித்ததும் நடுவர்களில் ஒரு பெண்மணி, இவ்வளவு மேலே போகிற குரலை விண்ணப்பத்தில் ஏன் தாழ்ந்த குரல் என்று எழுதியிருந்தீர்கள் என்று கேட்டார். பியானோ முன்னால் உட்கார்ந்தபடியே சித்தப்பா சொன்னார்: "எங்க தெருவுல ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுருங்க. சாயங்காலம் தறி நின்னுட்டா ஊசி வுழுந்தாகூட பக்கத்து வூட்ல கேக்கும். பாப்பா அதுக்கு பயந்துகினு மேல போவாம வாய்க்குள்ளயே பாடிச்சிங்க."

அன்றுவரை நான் அதை யோசித்ததே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று ஒரு வருடம் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்து போன மாதம் ஊருக்கு வந்த அன்று, சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதே பாட்டை அச்சில் இருக்கிற சுருதியிலேயே பாடினேன். சித்தப்பா கீபோர்டில் கடைசிச் சுரத்தை விடுவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"அப்பல்லாம் நீ பாடறப்ப செவுத்துல காத வெச்சிகினு ஒக்காந்திருப்பேன். ஒண்ணுமே சரியா கேக்காது" என்றார் அக்கா. "இன்னிக்கித்தான் முழுசா கேட்டுது. இன்னொரு வாட்டி பாடு."

சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.