சிவப்பில் விழுந்த தோள்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சிலை. ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. "சும்மா உக்காரதுக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூக்கு அரிக்கும்போது கையைத் தூக்காமல் இருந்து பார்க்கட்டும், தெரியும் சங்கதி.

முன்பெல்லாம் இடுப்பு வலித்தால் கொஞ்சம் சரிந்து உட்கார்வார். மாணவர்கள் அதையும் வரைந்துகொள்வார்கள். இந்த ஆண்டு கம்ப்யூட்டர் வந்தது, அதுவும் போச்சு. முதல் நாளே அவரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் வரைந்ததை ஸ்கேன் செய்தால், கம்ப்யூட்டர் அதை அந்தப் போட்டோவின் மேல் வைத்துப் பார்க்கும். கோடு பொருந்தினால் பச்சை, விலகினால் சிவப்பு. தங்கள் தப்பைத் தாங்களே கண்டுபிடிக்கலாமாம். நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அண்ணி அந்தப் போட்டோவுக்குள் மாட்டிக்கொண்டார். அதே உடை, அதே கொண்டை, பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு.

நடுவில் உடம்பு இளைத்தது. இடது தோளில் ஓயாத வலி.

"டாக்டர்கிட்ட போகலாம் அண்ணி."

"பசங்க பரீட்சை முடியட்டும்டி. கட்டு கிட்டு போட்டுட்டாங்கன்னா நான் போட்டோ மாதிரி இருக்க மாட்டேன். வேற ஆளை உக்கார வெச்சிருவாங்க."

இளைத்தது தெரியாமலிருக்கச் சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வகுப்புக்கே போனேன். ஒரு பெண் திரைமுன் கண் கலங்கி நின்றாள். அவள் வரைந்த படத்தில் இடது தோள் முழுக்கச் சிவப்பு.

"பாத்துதான் சார் வரைஞ்சேன்."

"தோள் இவ்வளவு கீழயா இருக்கு? நல்லாப் பாரு" என்றார் வாத்தியார், திரையைக் காட்டி.

இருவரும் திரையைத்தான் பார்த்தார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். தோள் அவள் வரைந்திருந்தது போலவே இறங்கிக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என்னை முறைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை மெல்ல மேலே ஏற்றினார்.

அந்தப் பெண் அழித்து மறுபடி வரைந்தாள். எல்லாம் பச்சை.

"என் கண்ணுதான் சரியில்ல போல சார்" என்று சிரித்தாள்.

மணி அடித்தது. எல்லோரும் கிளம்பினார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை, ஏற்றிய தோளை அவரால் இறக்க முடியவில்லை. நான்தான் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன்.