மடுவத்துத் தராசில் நிறுத்த மணல்

பெருவிரல் கிரீஸைத் தொட்டெடுத்து, ஷொக் அப்சோபரின் பளபளப்பான தண்டில் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் பூசியது. பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துப்போனால் வழிந்து இறங்கிப் பொய் சொல்லும். ஒரு சக்கரம் முடிந்ததும் கைகள் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தன. நான்கும் முடிந்தபின் பழைய சாரத் துண்டொன்றில் அழுத்தித் துடைத்துக்கொண்டன.

கார் மேடுபள்ளத்தில் ஓடிவிட்டு வரும்போது, ஸ்ப்ரிங் எவ்வளவு அமுங்கியதோ அந்த உயரத்தில் கிரீஸ் ஒதுங்கி ஒரு வளையமாக நிற்கும். இது யாரும் சொல்லிக்கொடுத்த வித்தையல்ல. லொறிகளில் ஸ்ப்ரிங் பிளேட் ஏன் உடைகிறது என்று வருஷக்கணக்காகக் குனிந்து பார்த்ததில் அழகமுத்துவே கண்டுபிடித்துக்கொண்டது.

ஓப்பநாயக்கவில், முக்தார் முதலாளியின் இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த கராஜில் அவரை எல்லோரும் ‘ஸ்ப்ரிங் பாஸ்’ என்றே கூப்பிட்டார்கள். மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இளவயதில் தோட்டத்துத் தொழிலாளியாகப் பேர் பதிய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இங்கே வந்து சம்மட்டி பிடித்தார். ஆனாலும் குடியிருப்பு இன்னும் லயத்தில்தான். மனைவி பிரேமலதா அங்கே பேர் பதிந்து கொழுந்தெடுப்பதால் அந்த ஒற்றை அறைக் காம்பரா அவர்களுக்குக் கிடைத்திருந்தது. தினமும் காலை பஸ்ஸில் இறங்கி வருவார். மாலை ஏறிப் போவார்.

இப்போது முன்னால் நிற்பது முதலாளியின் தம்பி றினாஸின் ரேஸ் கார். ஒரு சின்ன ஹெச்பெக்; உள்ளே பின்சீட்டைக் கழற்றி இரும்புக் குழாய்க் கூடு வைத்திருந்தது. றக்வானப் பக்கம் ஒரு தோட்டத்து மலைப் பாதையில் வருஷத்துக்கொரு தடவை ரேஸ் நடக்கும். இரண்டாயிரத்து மூன்றில் வந்த வெள்ளம் அந்தப் பாதையைக் குறுக்கே அரித்து, வளைவு ஒன்றில் வாய்க்கால்போல ஆழமான கான் ஒன்றைத் தோண்டிவிட்டுப் போனது. அதை இன்னும் யாரும் மூடவில்லை. அந்த வருஷம் றினாஸ் அந்தக் கானின் மேலாகப் பறந்து, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தான். கார் உடையவில்லை. றினாஸின் முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியது. பல மாதம் படுக்கை. இன்னொரு தடவை அப்படி விழுந்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது என்று கொழும்பு டொக்டர் சொல்லி அனுப்பினார்.

எழுந்து நடக்கத் தொடங்கிய மாதமே றினாஸ் கராஜுக்கு வந்தான்.

“பாஸ், இந்த வருஷமும் ஓடப் போறன். ஸ்ப்ரிங் மாத்தித் தாங்க.”

“தம்பி, நீங்க முதுகு நிமுந்து நிக்கவே கஷ்டப்படுறீங்க.”

“ஓட்டுறது இருந்துகொண்டுதானே. நீங்க செய்யாட்டி நான் ரத்தினபுரில செஞ்சிக்கொள்றன். அவனுகள் கல்லு மாதிரி ஸ்ப்ரிங் போட்டுத் தருவானுகள்.” பிறகு சொன்னான்: “மல்லாக்கப் படுத்து கூர ஓடுகளயே பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் புடிக்கப் பாத்திச்சி பாஸ். எத்தன ஓட்டுல வெடிப்பு ஈக்கின்டு கேளுங்க, செல்றன்.”

அவன் போனபின் தாய் ஸுபைதா வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி கராஜ் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“அவன நிப்பாட்ட எனக்கு ஏலா. அவன்ட நானா முக்தாருக்கும் ஏலா. நீங்க சரி பாத்துச் செய்ங்க அழகமுத்து. எனக்கு அவன் வெல்லத் தேவல்ல. நடக்கோணும்.”

அழகமுத்து சரியென்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலையில் மனம் போகவில்லை.

ஸ்ப்ரிங் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் சீட் வழியாக முதுகில் ஏறும். தளர்வாக இருந்தால் சின்னப் பள்ளங்களில் சுகம்; ஆனால் கானில் விழும்போது கடைசிவரை அமுங்கி, இரும்போடு இரும்பு மோதும். அந்த ஒரு அடி போதும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் உண்டு. விழும்போது ஸ்ப்ரிங் தன் தூரமெல்லாம் அமுங்க வேண்டும், ஒரு விரல் அகலம் மட்டும் மீதியிருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

பழைய ஸ்ப்ரிங் ஒரு சோடி கராஜில் கிடந்தது. எத்தனை கிலோ வைத்தால் எவ்வளவு அமுங்கும் என்று தெரிய வேண்டும். நிச்சயமான பாரம் கையில் இல்லை. கடையில் ஆணி நிறுக்கும் தராசு ஐந்து கிலோவுக்குமேல் தாங்காது. வியாபார நேரத்தில் அதில் மணலைக் கொட்டி அளக்க அவருக்குக் கூச்சம். ஆகவே உரச் சாக்குகளில் ஆற்று மணலை நிரப்பி, லொறி ஒன்றில் ஏற்றித் தோட்டத்து மடுவத்துக்குக் கொண்டுபோனார். கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகை ஒரு நிறுவைக்கும் அடுத்த நிறுவைக்கும் நடுவில் காலியாக இருக்கும். காவலுக்கு நின்ற வாச்சரிடம் கேட்டுக்கொண்டு, தொங்கும் வட்டத் தராசில் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொளுவினார். முள் சரியாக இருபதில் நிற்கும்வரை மணலைக் கூட்டியும் குறைத்தும் சரிபார்த்தார். அவசரமே படவில்லை.

கராஜில் ஸ்ப்ரிங்கை ஒரு குழாயில் நிறுத்தி, மேலே பலகை வைத்து, மூட்டைகளை அடுக்கி அளந்தார். கொஞ்சம் தளர்வு என்று பட்டது. ஒரு சுற்றை வெட்டி எடுத்தார். சுற்றைக் குறைத்தால் ஸ்ப்ரிங் இறுகும். மறுபடி அளந்தார். நினைத்த இடத்துக்கு வந்தது. மனம் நிறைந்து காரின் முன்சக்கரங்களில் பூட்டினார்.

றினாஸை வைத்துச் சோதிக்க முடியாது. முதலாளி முக்தாரே ஓட்டினார். கராஜுக்கு மேலே தோட்டத்துப் பாதையில் அதேபோல ஒரு கான் இருந்தது. அதில் விழுந்தெழுந்து திரும்பி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“பாஸ், பகல் தின்ட சோறு நெஞ்சுக்கு வந்துட்டு. இதுவா மெத்து?”

அழகமுத்து குனிந்து பார்த்தார். கிரீஸ் வளையம் தண்டின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஸ்ப்ரிங் போதிய அளவு அமுங்கவே இல்லை. அவர் அளந்ததைவிட அது இறுகியிருந்தது.

மறுபடி அளந்தார். அதே கணக்குத்தான் வந்தது. அளக்கும் அடிமட்டத்தை மாற்றிப் பார்த்தார், பலகையை மாற்றிப் பார்த்தார். கைகள் பழுதில்லாமல் செய்த வேலை ஒன்று எங்கேயோ பொய்யாகிப் போயிருந்தது. ரேஸுக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

அன்று பொழுது சாயும் முன்னரே லயத்துக்குப் போய்விட்டார். பிரேமலதா பீலித் தண்ணீரில் கொழுந்துச் சாக்கை அலசிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஆரு செத்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க?”

“கணக்கு ஒத்து வரல புள்ள. மணல் மூட்ட ஒவ்வொன்னும் இருவது கிலோ. நானே நிறுத்தேன்.”

“எங்க நிறுத்தீங்க?”

“மடுவத்துல.”

அவள் சாக்கைப் பிழிவதை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஒலகத்துல வேற தராசே கெடைக்கலயா ஒங்களுக்கு? அது மொத மூணு கிலோவ முழுங்கிட்டுத்தான் முள்ள அசைக்கும். சாக்குப் பாரத்துக்கு, கொழுந்துல உள்ள தண்ணிக்குன்னு பின்னால திருகி வச்சிருக்காங்க.”

“வெறுந் தராசுல முள்ளு பூச்சியத்துல தானே நிக்கிது? நான் பாத்தேனே.”

“பூச்சியத்துகிட்ட ஒரு ஆணி அடிச்சிருக்கு. முள்ளு அதுக்குக் கீழ போகாது. கொஞ்சூண்டு கொழுந்தக் கொளுவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். செத்த பாம்பு மாதிரி கெடக்கும்.”

“வெயில் காலத்துலயுமா?”

“வெயிலுக்கு வேற திருகுவாங்களாக்கும்!”

“நீ எனக்கு ஒருநாளும் சொன்னதில்லயே.”

“நீங்க கேட்டதில்லயே. லொறிக்கு எத்தன கிலோன்னு கேப்பீங்க. பொண்டாட்டிக்கு எத்தன கிலோன்னா கேட்டீங்க?”

லயத்தில் இது தெரியாத பெண்ணே இல்லை. ஆண்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், கான் வெட்டுவார்கள். தராசின் கீழே வரிசையில் நிற்பது பெண்கள். அழகமுத்து அந்தக் கொட்டகையைச் சின்னப் பிள்ளையிலிருந்து கடந்து போனவர். ஒரு தடவையும் அந்த முள்ளை நின்று பார்த்ததில்லை. பிரேமலதா ஒரு நாளில் மூன்று தரம் அங்கே சாக்கைக் கொளுவுகிறாள். எத்தனை வருஷமாக என்று பெருக்கத் தொடங்கிய மனத்தை அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கூச்சத்தை விட்டுவிட்டுக் கடைத் தராசில் ஒரு மூட்டை மணலைப் பகுதி பகுதியாக நிறுத்தார். இருபத்துமூன்று. மூட்டைக்கு மூன்று வீதம் அடுக்கிய பாரமெல்லாம் அவர் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்தக் கூடுதல் பாரத்தால் அமுங்கிய ஸ்ப்ரிங்கைத் தளர்வு என்று நம்பி, வெட்டியும் விட்டார். வெட்டிய சுற்றை ஒட்ட முடியாது.

மழையோடு பெல்மதுளைக்குப் போய், பழைய வாகனம் உடைக்கும் வளவில் துருப்பிடித்த குவியலைக் கிளறினார். அளவிடும் இடுக்கியால் கம்பியின் தடிப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒன்று கிடைத்தால் அதன் சோடி கிடைக்காது. இருட்டுவதற்குச் சற்று முன்தான் மெல்லிய கம்பியில் ஒரு சோடி அகப்பட்டது. இந்தத் தடவை மூட்டைகள் ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோ என்ற கணக்கில் ஏறின. பின்சக்கர ஸ்ப்ரிங்கை மாற்றவில்லை. பின்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக நின்றால்தான் வளைவில் வால் திரும்பிக் கொடுக்கும். முன்பக்கத்தை மட்டும் தளர்த்திப் பூட்டினார். முக்தார் மறுபடி கானில் விழுந்து வந்தார். வளையம் தண்டின் உச்சிக்கு ஒரு விரல் கீழே நின்றது.

“இப்ப சோறு எடத்துலதான் ஈக்கி,” என்றார் முதலாளி. அழகமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. வளைவுகளில் கார் எவ்வளவு சாய்கிறது என்பதையும் அவர் பார்த்திருந்தார்.

ரேஸுக்கு முதல்நாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகும்போது மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தூறலில் எல்லோர் தலையிலும் பொலித்தீன். பிரேமலதாவின் முறை வந்தது. சாக்கைக் கொளுவினாள். முள் கொஞ்ச நேரம் ஆணியில் சாய்ந்து கிடந்து, பிறகு எழுந்தது. கணக்கப்பிள்ளை எண்ணைக் கத்தினார். அவள் தராசைப் பார்க்கவேயில்லை. சாக்கை இறக்கி உதறிக்கொண்டு நகர்ந்தாள். அழகமுத்து வாய் திறக்கப் போனார். அவள் அவரைக் கண்டு, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். காம்பரா அவள் பேரில் இருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு மேலே நடந்தார்.

ரேஸ் அன்று மலையில் பனி இறங்கியிருந்தது. மேலே முதல் வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி வேன் ஒன்றில் ஸுபைதா கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். றினாஸ் காரின் முன்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தான். அது இறங்கி ஏறியது.

“என்ன பாஸ் இது, வயர்க் கட்டில் மாதிரி ஆடுது?”

“கட்டில் ஒங்களுக்குப் பழக்கம்தானே தம்பி.”

றினாஸ் முறைத்தான். பிறகு உதட்டோரம் கொஞ்சம் இளகியது. “வெல்லுமா?”

அழகமுத்து யோசிக்கவில்லை.

“வெல்லாது. வளைவுல சாயும், நீங்க அக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்க வேண்டி வரும். எல்லாரும் ஒங்கள விட சுருக்கா மேல போயிருவாங்க.”

“பின்ன எதுக்கு நான் ஓடோணும்?”

“அத நான் சொல்ல ஏலாது. கான்ல விழுந்தா முதுகுக்கு வராது. அதுக்கு மட்டுந்தான் நான் செஞ்சிருக்கேன். மேல போயி, நீங்களே கதவத் தொறந்து எறங்குவீங்க.”

றினாஸ் வேன் இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. மழை கூடிக்கொண்டிருந்தது. அவன் ஹெல்மட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினான். அழகமுத்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, ஈரத்தைச் சாரத்தில் துடைத்து, அந்தக் கையில் வைத்தார்.