ஒரு ஜுஸ்வு ஓதச் சங்கரன்கோவிலுக்கு

கடையநல்லூரில் பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, குர்ஆன் ஓதுவதற்காக ஒருவன் நோன்போடு பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்குப் போகிறான் என்றால் அவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் ஊரில் நினைப்பார்கள். நினைத்தார்கள். நான் போனது எண்பதாம் வருடம், ரமலானின் நடுவில், அதுவும் அந்த ஊர்க் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா அன்று. அந்த நாளில் அந்த ஊருக்குப் போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். சொன்னதாலேயே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுவது வழக்கம். குர்ஆனின் முப்பது ஜுஸ்வும், அதாவது முப்பது பாகமும், தனித்தனிப் புத்தகமாக ஒரு மரப்பெட்டியில் இருக்கும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓதினால் ஒரு மணி நேரத்தில் குர்ஆன் முழுவதும் முடிந்துவிடும். கடைசி ஆள் முடித்த பிறகுதான் துஆ என்கிற பிரார்த்தனை. (இது கூடுமா கூடாதா என்று பின்னூட்டத்தில் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். நிறையக் கேட்டாயிற்று.)

எனக்கு மதரசா கிடைக்கவில்லை, தறி கிடைத்தது. சிறு வயதிலேயே தறிக்குழியில் இறங்கியவன். முப்பது வயதுக்கு மேல் ஓர் அரபு அரிச்சுவடியை வாங்கி, நானாகவே எழுத்துக் கூட்டினேன். சந்தேகம் வந்தால் பள்ளியில் ஓதுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் திருத்திக்கொள்வேன். எனக்கு வேகம் வராது. அதனால் எந்தக் கத்தத்திலும் எங்கள் தெருப் பெரியவர் என் கையில் முப்பதாவது ஜுஸ்வைத்தான் வைப்பார். சின்னச் சின்ன சூராக்கள், அதாவது அத்தியாயங்கள், குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் அல்ல. போன இடமெல்லாம் அதே முப்பதாவது.

அந்த ரமலானின் தொடக்கத்தில் என் அத்தாவுக்குக் கத்தம். என் வீடு, என் பாய், என் செலவு. அங்கேயும் அதே புத்தகம் வந்தது. "வேற ஒண்ணு குடுங்க" என்றேன். "நீரு ஓதி முடிக்கதுக்குள்ள பெருநாப் பெறை தெரிஞ்சிரும் வே" என்றார் பெரியவர். சபை முழுவதும் சிரித்தது. பெற்ற தகப்பனுக்கு மகன் வாயால் போய்ச் சேருவது அவ்வளவுதானா? இந்த ரமலான் முடிவதற்குள் ஏதாவது ஒரு சபையில் வேறொரு ஜுஸ்வை முழுதாக ஓதிக் காட்டுவேன், முடியாவிட்டால் இனி எந்தக் கத்தத்திலும் உட்காரமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்தேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அதை வெளியில் காட்டவில்லை.

என் தங்கை மாப்பிள்ளை காசிம் சங்கரன்கோவிலில் துண்டு, லுங்கி வியாபாரம் செய்துவந்தார். அவர்தான் வழி சொன்னார். "எங்கூர்ல நோன்புல ஒரு நாள் எல்லார் வீட்டு மையித்துக்கும் சேத்து ஒரே கத்தம் மச்சான். முப்பது ஜுஸ்வுக்கு எட்டு ஒம்பது பேருதான் தேறும். பெட்டியில கைய விட்டா எது வருதோ அதான். ஒங்கள யாரும் பரீட்ச வைக்க மாட்டாவ."

காலை பத்தரைக்குப் புறப்பட்டேன். நேர் பஸ் எல்லாம் நிறைந்து வந்ததால் புளியங்குடி போய் மாறினேன். தூரம் மொத்தமே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டிக்கெட் புளியங்குடி வரை ஒரு ரூபாய், அங்கிருந்து ஒரு ரூபாய் பத்துப் பைசா. சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். அன்று புளியங்குடியில் நின்றதே அவ்வளவு நேரம். வந்த பஸ்ஸெல்லாம் தபசுக் கூட்டம். நான்காவது பஸ்ஸில் முழங்கையால் இடம் பிடித்தேன்.

"அண்ணாச்சி, தபசுக்கா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. ஓதுறதுக்கு."

"எதுக்குப் போனாலும் எறங்குற எடம் ஒண்ணுதான். உள்ள தள்ளி நில்லுங்க."

என்னோடு நெருக்கி நின்றவர் வாசுதேவநல்லூர்க்காரர், விவசாயம் பார்க்கும் சம்சாரி. மடியிலிருந்து வறுகடலையை எடுத்து நீட்டினார். நோன்பு என்றேன்.

"பச்சத் தண்ணி கூடக் கெடையாதுல்லா?"

"கெடையாது."

"இந்த வெக்கையில அப்படி எங்க போறிய? ஒங்க ஊர்ல பள்ளிவாசல் இல்லியா?"

"இருக்கு. ஆளுகதான் சரியில்ல."

அவர் நன்றாகச் சிரித்தார். "அத விடுங்க. நான் மூணு கோயிலத் தாண்டி வாரேன். எங்கூர்க் கோயில்ல எந்தம்பி நிப்பான், அவன் மூஞ்சில முழிக்கப் பிடிக்காம." கடலையை அதற்கு மேல் அவரும் தின்னவில்லை. மடியிலேயே முடிந்துகொண்டார்.

பஸ்ஸை ஊருக்குள் விடவில்லை. வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் நடை. கோவில் வீதிகளில் வளையல் கடையும் பலூனும் பொரிகடலையும் மாவிளக்குத் தட்டுமாக ஆள் நுழைய இடமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளிவாசலில் கை கால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தபோது மணி இரண்டரை. காலில் தண்ணீர் பட்டபோது கிடைத்த சுகத்தை நோன்பு வைத்து நடந்தவர்கள்தான் அறிவார்கள்.

உள்ளே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் வரவில்லை. தபசு வியாபாரத்தை விட்டுவிட்டு யார் வருவார்? காசிமோடு சேர்த்து ஏழு பேர், என்னோடு எட்டு. ஆளுக்கு நான்கைந்து புத்தகம் மடியில். அந்தப் பள்ளியில் தொழவைக்கும் ஹஜ்ரத் என்னைவிட இளையவர், மெலிந்த ஆள். பெட்டியைத் துழாவி, மிச்சமிருந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு. ஆளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, ஓதத் தெரியுமா என்று கேட்கவில்லை. அதற்கே அவருக்கு என் வாழ்நாள் ஸலாம்.

பன்னிரண்டாவது ஜுஸ்வில் ஹூத் சூராவும் யூசுப் சூராவின் முதல் பாதியும் வரும். ஓதாத பாகங்களின் தமிழ் அர்த்தத்தைத் தறிக்கு இடையில் கிடைத்த ஓய்வில் நான் வாசித்து வைத்திருந்தேன். அது அன்று கை கொடுத்தது. அரபு வரிகளை எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போனேன். வரி முழுக்கத் தெரியாத ஊராக இருக்கும். திடீரென்று 'நூஹ்' என்று ஒரு பெயர் வரும். கப்பல் கட்டுகிறார், போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரிக்கிறான் என்று தெரிந்துவிடும். அப்புறம் ஹூத், ஸாலிஹ், இப்ராஹீம், லூத், ஷுஐப். இருட்டில் போகும் பஸ்ஸிலிருந்து ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு நபியாகப் பிடித்துப் பிடித்துப் போனேன். அதுவரை நான் ஓதிய முப்பதாவது ஜுஸ்வில் என் நாக்கு தன்பாட்டுக்கு ஓடும், மனசு நூல் விலையை நினைக்கும். இங்கே மனசு அசைய இடமில்லை. அசைந்தால் வரி தவறிவிடும்.

அஸர் தொழுதுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஐந்து மணிக்கெல்லாம் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடினார்கள். ஐந்தே முக்காலுக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. நான் அப்போது யூசுப் சூராவில், அண்ணன்மார் அவரைத் தள்ளிவிட்ட கிணற்றடியில் இருந்தேன்.

எதிரில் இருந்தவர் அலியார். தேரடிப் பக்கம் வளையல் கடை. தபசு நாளில் கடையை மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், ஏனென்றால் அந்த வருடம்தான் அவருடைய தாயார் மவுத்தாகியிருந்தார். துஆவில் அவர் பெயரைச் சொல்லும்போது மகன் இருக்க வேண்டும். முதலில் செருமினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"வே, கடையநல்லூர்க்காரரே. தபசுக் காச்சி முடிஞ்சா சனம் பொலபொலன்னு போயிரும். மச்சினன் வளையலப் பூரா கடனுக்கு வித்துருவான். மிச்சத்த ஹஜ்ரத்துட்டக் குடும், கால் மணி நேரத்துல முடிச்சிருவாவ."

கையையும் நீட்டினார். எனக்கு என் வீட்டுச் சபை அப்படியே கண்முன் வந்தது. கொடுத்தால் அவ்வளவுதான், ஊருக்குப் போய் முகத்தைக் காட்ட முடியாது. அதைவிட, முக்கால்வாசி வந்தாயிற்று. புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.

"யூசுப் நபி செயிலுக்குப் போகப் போறாவ. அவுகள உள்ள தள்ளிட்டு என்னக் கஞ்சி குடிக்கச் சொல்லுதீரா? பழி தீருற எடம் வரைக்கும் ஓதிட்டுத்தான் எந்திப்பேன்."

ஹஜ்ரத்தான் முதலில் சிரித்தார். ஆனால் அது எங்கள் ஊர்ச் சிரிப்பு இல்லை. "சத்தமா ஓதுங்க. நாங்க கேக்கோம்" என்று நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு இடத்தில் நீட்டலைத் திருத்தினார். மற்றபடி குறுக்கே வரவில்லை. சபையே கேட்க நான் ஓதியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அலியார் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். "செயிலுக்குப் போயாச்சா?" போயாச்சு என்று ஹஜ்ரத் தலையாட்டுவார். "வே, அங்கனயே ரொம்ப நேரம் இருக்காவளே." காசிம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அந்த இடத்தை நீங்கள் அர்த்தத்தோடு அவசியம் படியுங்கள். ஒரு பெண் சொன்ன பொய்ப் பழியால் சிறையில் கிடப்பவரை அரசன் ஆளனுப்பி அழைக்கிறான். கதவு திறந்தாயிற்று. யூசுப் நபி வரவில்லை. என் மேல் சொன்ன பழி என்ன ஆயிற்று என்று முதலில் விசாரித்துவிட்டு வா என்று வந்தவனைத் திருப்பி அனுப்புகிறார். விசாரிக்கிறார்கள். சம்பந்தப்பட்ட பெண்களே ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே பன்னிரண்டாவது ஜுஸ்வு முடிகிறது. நபியோடு என்னை ஒப்பிட நான் யார்? ஆனால் இவனுக்குப் பிடிவாதம் ஆகாது என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை ஓதியவர்கள்.

முடித்துப் புத்தகத்தை மூடினேன். ஆறு மணி இருபது நிமிடம். உட்கார்ந்ததிலிருந்து நான் சுவரில் சாயவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாய்ந்தேன்.

ஹஜ்ரத் துஆவுக்குக் கை ஏந்தி, ஒவ்வொருவர் வீட்டுப் பெயரையும் கேட்டுக் கேட்டுச் சொன்னார். அலியாரின் தாயார் பெயர் வந்தபோது அவர் தோள் குலுங்கியது. அடுத்தது என் அத்தாவின் பெயர். நான் அழவில்லை. நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான். மகன் ஒருவன் வந்து ஓதினான் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

துஆ முடிந்ததும் அலியார் எழுந்து செருப்பைத் தேடினார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்ப செயில்ல இருந்து வெளிய வந்தாச்சுல்லா?"

"இன்னும் இல்ல. பழிதான் நீங்கிச்சு" என்றார் ஹஜ்ரத். "வெளிய வாறது பதிமூணாவது ஜுஸ்வுல, ஆரம்பத்துலயே."

"பதிமூணா? பதிமூணு நாம்லா ஓதுனேன்!"

"அப்ப வெளிய விட்டது நீங்கதான்."

மத்தியானம் அலியார் அதை அரை மணி நேரத்தில் ஓதி மூடியிருந்தார். நேராகப் பெட்டிக்கு வந்து பதின்மூன்றை எடுத்தார். "எந்த எடம்? காட்டுங்க." ஹஜ்ரத் விரல் வைத்துக் காட்டினார். அலியார் உட்கார்ந்து, அந்த வரிகளை என்னைவிட மெதுவாக ஓத ஆரம்பித்தார்.

எனக்கும் வாய் சும்மா இருக்காதே. "வே, மச்சினன் வளையலக் கடனுக்கு விக்கான்" என்றேன்.

"விக்கட்டும். நீரு பேசாம இரியும்" என்றார், தலை நிமிராமல்.

பாங்கு சொல்லும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, இரண்டு கோப்பை கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுதுவிட்டு அவர் கடைக்கும் நான் பஸ்ஸுக்கும் போனோம். கூட்டம் திரும்பும் நேரம் என்பதால் ஊர் போய்ச் சேர வெகு நேரமாயிற்று. நின்றுகொண்டேதான் வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

தெருப் பெரியவரை நான் மன்னித்ததாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுதமாட்டேன். அவர் செய்தது தப்புதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் எனக்கு ஒன்றாகிவிட்டது. முப்பதாவது வந்தால் அதையும் அர்த்தம் பார்த்துவிட்டு, அதே நடையில்தான் ஓதினேன். சபை காத்திருந்தது. வேறு வழி?

போக நினைப்பவர்களுக்கு: ரமலானும் ஆடித் தபசும் சேர்ந்து வர முப்பது வருடத்துக்கு மேலாகும். சேர்ந்து வந்தால் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பஸ் ஊருக்கு வெளியே நிற்கும் என்று எண்ணி, நடப்பதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். கட்டணமெல்லாம் இப்போது வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஈரத்துண்டு நல்லது. ஓதப்போகும் பாகத்தின் தமிழ் அர்த்தத்தை முந்தின நாளே ஒரு தடவை வாசித்துவிடுங்கள். அரபு தெரியாதவர்களுக்கு நபிமார்களின் பெயர்கள் வழி காட்டும். ரமலானில் எத்தனை கத்தம் முடித்தாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் மெதுவாக ஓதுகிறவராக இருந்து, மிச்சத்தை வாங்க யாராவது கை நீட்டினால், கொடுக்காதீர்கள்.