மங்காவுக்குப் போட்ட பிரவுன் அட்டை

ரயிலில் என் மடியில் இருப்பது ஜப்பான் காமிக்ஸ். மங்கா என்பார்கள். எனக்கு வயது அறுபத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மறைக்கப்போய் நன்றாகப் பட்டுவிட்டேன்.

பழக்கம் ஷார்ஜாவில் தொற்றியது. ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எதிர்க்கட்டில் பிலிப்பைன்காரன் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய இந்தப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனான். எழுத்து இங்கிலீஷ்தான், ஆனால் பக்கங்கள் ஜப்பான்காரர் முறைப்படி வலமிருந்து இடமாகப் போகும். எனக்கு மேல்கட்டிலில் படுத்த மலையாளி வழக்கம்போல இடப்பக்கம் திறந்தான். கதாநாயகன் எடுத்த எடுப்பிலேயே செத்துக் கிடந்தான். இதெல்லாம் ஒரு கதையா என்று தூக்கிப் போட்டுவிட்டான். நான் கோட்டக்குப்பத்தில் ஐந்து வயதில் மதரஸாவுக்கு அரபி ஓதப் போனவன். வலப்பக்கம் திறப்பது என் கைக்குப் பழகிய வேலை. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைக் காலி செய்தேன். ஊர் திரும்பியதும் வீடு, பிள்ளைகள், கல்யாணங்கள் என்று ஓடியதில் அது மறந்தே போனது.

இப்போது குடியிருப்பு திண்டிவனம். விழுப்புரத்தில் மச்சானின் பெயிண்ட் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலை பாசஞ்சரில் போய் வருகிறேன். போன வருடம் விழுப்புரத்தில் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் மங்கா கண்ணில் பட்டது. கடலோர ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு சிடுமூஞ்சிக் கிழவனின் கதை. வெயிலில் நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன். அதில் ஒரு பக்கம் முழுக்க மழை மட்டுமே. ஒரு சொல் கிடையாது. ஷார்ஜாவில் இந்த மாதிரிப் பக்கங்களை, அடுத்து என்ன என்கிற அவசரத்தில் சட்டென்று தாண்டியிருக்கிறேன். இப்போது அங்கேயே நின்றுவிட்டேன். அன்று கடைக்குத் தாமதமாகப் போனேன், மச்சான் முறைத்தார், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

என் மகன் விழுப்புரத்தில் காலேஜ் வாத்தியார். ஒருநாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அத்தா, டிரெயின்ல எங்க பசங்க உங்கள பாத்திருக்கானுங்க. எங்க சாரோட அத்தா பொம்மை புக்கு படிச்சிக்கினு வர்றாருன்னு காலேஜ் முழுக்க பேச்சு. ஸ்டாஃப் ரூம்ல தலை நிமிர முடியல."

கையோடு பிரவுன் ஷீட் வாங்கி வந்திருந்தான். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல மடித்து அட்டை போட்டுக் கொடுத்தான். பிள்ளையின் முகத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் கோழைத்தனம், வேறு பெயர் வேண்டாம்.

இரண்டே நாளில் ரயில் பெட்டியில் எல்லோருடைய நடத்தையும் மாறிப்போனது. தலையில் தொப்பி, நரைத்த தாடி, அட்டை போட்ட புத்தகம், அதுவும் வலப்பக்கம் திறப்பது. பார்ப்பவர்கள் குர்ஆன் என்றுதானே நினைப்பார்கள்? போனில் பாட்டு போடுகிறவர் நிறுத்தினார். ஜன்னல் சீட் எனக்கென்று காலியாகக் கிடந்தது. பேரணியில் ஏறும் பால்காரர், "பாய் ஓதிக்கினு வர்றாரு, சத்தம் போடாதீங்கப்பா" என்று மற்றவர்களை அதட்டினார். ஓதுகிற கிதாபைச் சோற்று டப்பாவோடு பையில் திணித்துக்கொண்டு எவனாவது வருவானா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனால் ஜன்னல் காற்று சுகமாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், மயிலத்தில் ஏறும் ஒரு பெண் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய கணவர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒயர் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"பாய், எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்கு ஆபரேசன். ஒரு வார்த்தை ஓதிவுடுங்க."

சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் மடியிலிருந்த புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தலையை ஆட்டிவிட்டு இருந்திருந்தால் கடைசிவரை மரியாதை கிடைத்திருக்கும். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தேன். மாவு அப்பிய முகத்தோடு ரொட்டிக்கடைக் கிழவன் வெளியே வந்தான்.

"இது ஓதுற கிதாபு இல்லம்மா. ஜப்பான் பொம்மைக் கதை. நான் அதத்தான் படிச்சிக்கினு வர்றேன். மன்னிச்சிடுங்க."

"அட, பொம்மை புக்கா பாய்?" என்றார் பால்காரர். பெட்டியே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கிழவனின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓதப்போறது நீங்கதான பாய்? புக்கா ஓதப்போவுது?"

கையை ஏந்தினேன். தெரிந்த துவாவையெல்லாம் கேட்டேன். கண்ணீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை. புத்தகம் அட்டையில்லாமல் என் மடியிலேயே இருந்தது. முண்டியம்பாக்கத்தில் அவர் இறங்கிப் போனார்.

மறுநாளே ஜன்னல் சீட் போய்விட்டது. பாட்டுக்காரர் முன்பைவிடச் சத்தமாகப் போடுகிறார். பால்காரர் மட்டும், "கெழவன் என்னா பண்றான் பாய்?" என்று தினமும் வம்புக்கு இழுக்கிறார். அந்தப் பெண்ணின் கணவர் பிழைத்துவிட்டார், கஞ்சி குடிக்கிறாராம். பெட்டியின் நடைவழி ஓர சீட்டில் இடிபட்டுக்கொண்டு நான் அடுத்த பாகத்தில் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"அட்டை எங்க அத்தா?"

"கிழிச்சிட்டேன்."

"மறுபடியும் தலை குனிய வெக்கிறீங்களே."

"குனியட்டுமேடா. நானும் தினம் குனிஞ்சிக்கினுதான் வர்றேன். மடியில புக்கு இருந்தா பின்ன எப்பிடிப் படிக்கிறது?"