ஒன்பது முறை எழுதிய கட்டில்

வளர்ப்பு வீடுகளில் அரசு விட்டிருக்கும் பிள்ளைகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது வெரோனா லாட்டிபோடியரின் வேலை. ஜமைக்காவில், கிளாரெண்டன் மலைப்பக்கத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார். 2009-இல் அவர் பொறுப்பில் அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாடகை டாக்சியில் இடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்துவிடுவார். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

வெரோனா மரியாதை சொல்லி வளர்க்கப்பட்டவர். அந்தப் பக்கத்தில் வேலிக்கு வெளியே நின்று "நாயைப் பிடிங்க!" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகே எவரும் அடுத்தவர் முற்றத்தில் கால் வைப்பார்கள். அதிகாரி என்பதற்காக அவர் அந்த மரியாதையை விட்டதில்லை.

சிஸ்டர் அயனி பிரிசெட் வீட்டிலும் அப்படித்தான். தேவாலயத்தில் முன்வரிசைக்காரி; 'சிஸ்டர்' என்பது சபையார் மரியாதைக்குக் கூப்பிடுவது. 2007 பிப்ரவரியில் ஷெரீடா என்ற ஏழு வயதுப் பெண்ணை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். வெரோனா குரல் கொடுத்தால் நாலைந்து நிமிடம் கழித்துக் கதவு திறக்கும். தலை வாரி, வெள்ளைக் காலுறை போட்டு, பிள்ளை முன்னறையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து அறையில் மஞ்சள் விரிப்புப் போட்ட கட்டிலைக் காட்டுவார்கள். "தனிக் கட்டில், சுத்தம்" என்று வெரோனா எழுதுவார். இப்படி ஒன்பது முறை எழுதியிருந்தார்.

பத்தாவது முறை, மே 14, வியாழக்கிழமை, சளியில் அவர் தொண்டை அடியோடு அடைத்துக் கிடந்தது. வேலியருகே நின்று கூப்பிட்டுப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. பழகிய நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. தயங்கித் தயங்கி உள்ளே போனார்.

வீட்டின் பின்னால், விறகுச் சமையல் கொட்டகையில், ஷெரீடா சோளமாவுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி நேரம் அது. மூலையில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, மேலே ஒரு கிழிந்த துணி.

"இது யாரோட படுக்கை?" வெரோனா கிசுகிசுத்தார்.

"என்னோடது, மிஸ்."

"அந்த மஞ்சள் விரிப்புக் கட்டில்?"

"அது டெல்ராயோடது. அவங்க மகன். நீங்க வெளிய நின்னு கூப்பிட்டதும் விரிப்ப மாத்துவாங்க." பிள்ளை பானையை விட்டுக் கையைத் துடைத்தாள். "எழுதுவீங்களா மிஸ்?"

"எழுதுவேன்."

அதற்குள் சிஸ்டர் அயனி வந்துவிட்டாள். "என்ன மிஸ் வெரோனா, திருடன் மாதிரி நுழைஞ்சிருக்கீங்க! கூப்பிட மாட்டீங்களா?"

"தொண்டை போச்சு, சிஸ்டர்."

"தொண்டை போனா கல்லெடுத்து கேட்டத் தட்டறது! பெரிய படிப்புப் படிச்சவங்க, இதுகூடத் தெரியலையா?"

வெரோனா அங்கிருந்தே மேலதிகாரி பென்னன்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். பிள்ளையை இப்போதே கூட்டி வர வேண்டும் என்றார்.

"கூட்டிட்டு வந்து எங்க வைப்பீங்க? விடுதியில ஒரு மெத்தைக்கு ரெண்டு பேர். செவ்வாய்க்கிழமை விசாரிப்போம்."

செவ்வாய் வரை ஐந்து இரவுகள். வெரோனா எண்ணிப் பார்த்தார்.

செவ்வாயன்று அலுவலகத்துக்கு ஷெரீடா புது உடுப்பில் வந்தாள். சிஸ்டர் அயனியின் கை அவள் தோளிலேயே இருந்தது.

"எங்கம்மா தூங்குறே?" பென்னன்ட் கேட்டார்.

"கட்டில்ல, சார்."

"அந்தக் கையை எடுக்கச் சொல்லிட்டுக் கேளுங்க சார்" என்றார் வெரோனா.

பென்னன்ட் கோப்பைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "இது யார் கையெழுத்து? தனிக் கட்டில், சுத்தம். தனிக் கட்டில், சுத்தம். ஒன்பது. எதை நம்பச் சொல்றீங்க, இதையா, உங்க சளிக்காய்ச்சலையா?"

"அந்த ஒன்பதும் தப்பு, சார்."

"அப்போ பத்தாவது மட்டும் எப்படிச் சரி?"

பதிலுக்குக் காத்திராமல், பிள்ளை அங்கேயே தொடரலாம் என்று பென்னன்ட் எழுதினார். அடுத்த பார்வை ஆகஸ்டில். கீழே வெரோனாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார். வெரோனா "எனக்கு உடன்பாடில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

"மிஸ்ஸுக்கு நன்றி சொல்லு, கண்ணு" என்றாள் சிஸ்டர் அயனி.

ஷெரீடா நிமிரவில்லை. "தேங்க்யூ மிஸ்" என்றாள்.