ஐம்பதைத் தாண்டாத குரல்

சொர்ணம் அக்காவின் இடது இமை சாயங்காலம்தான் சரியும். காலையில் பார்ப்பவர்களுக்கு அவளிடம் ஒரு குறையும் தெரியாது.

1989 கடைசியில் அது தொடங்கியது. பருத்திப்பட்டிலிருந்து பஸ் மாறி, திருமழிசையில் போல்ட்டுக்கு மாட்டும் இரும்பு வளையமான வாசர் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு தலைவாரக் கை எழவில்லை. சாப்பிடும்போது பாதியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வாள். ஒருநாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

"காலைல பம்பரமா சுத்தறா, சாயந்தரமானா சாமியாடறா. ஆருக்குடி இந்த டிராமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம்.

வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன், அவள் தம்பியான நான். டாக்டரிடம் பேசுவது என் வேலை என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, காலை ஓ.பி.க்கு, இரண்டு முறை அழைத்துப் போனேன். முந்தின நாளே லீவு போடவைத்து, ரயிலில் சீட் பிடித்து, பேசாமல் வரச் சொல்லி, ஆஸ்பத்திரிக் குழாயில் முகம் கழுவிப் பவுடர் போட்ட பிறகே உள்ளே விட்டேன். சோர்ந்து போய் நின்றால் டாக்டர் மதிக்கமாட்டார் என்பது எங்கள் வீட்டு பயம்.

"ஜெனரல் வீக்னஸ் சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு முறையும் டாக்டர் டானிக் எழுதினார். ஆங்கிலம் பேசியது அக்காவுக்காகவா, எனக்காகவா என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறை, ஆவடி ஸ்டேஷனிலேயே அக்கா சொல்லிவிட்டாள். "எனுக்கு இன்னா ஆவுதுன்னு எனுக்குத்தான்டா தெரியும். இன்னிக்கு நீ வாயத் தொறக்காத."

ரயிலில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. மேலே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அம்பத்தூர் தாண்டியதும் கை நழுவியது. மறுபடி தூக்கினாள்.

"உக்காருக்கா. உயுந்துடப் போற."

"உக்காந்தா நல்லாயிடுவேன். நல்லாயிட்டு டாக்டருக்கு இன்னாத்தக் காட்றது?"

ஆஸ்பத்திரிக் குழாயடியில் நான் நின்றேன். அவள் நிற்காமல் நடந்தாள்.

அதே டாக்டர்தான். "டானிக் சாப்பிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். அக்கா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

"சார், கம்பெனில பாக்கெட்டுக்கு நூறு வாசரு. வாய்விட்டு எண்ணிப் போடறது. மின்னெல்லாம் நூறும் எண்ணுவேன். இப்போ அம்பதுலயே கொரலு மூக்குக்குப் பூடுது. எண்ணிக் காட்டட்டா?"

"எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

முப்பது வரை பேனா ஓடியது. நாற்பதில் தலை நிமிர்ந்தார். நாற்பத்தாறு மூக்கு வழியாக வந்தது. ஐம்பத்து மூன்றில் சொல்லே இல்லை, காற்றுதான். இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. நிறுத்தேன்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் ஐம்பத்து நான்குக்கு உதட்டைக் குவித்தாள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். "தூங்கி எழுந்தா சரியாயிடுதா? இதை ஏன் சொல்லலை?"

"வீக்னஸ்னு சொன்னேன் சார்."

"அதைத் தினம் நூறு பேர் சொல்றாங்க தம்பி. எது செஞ்சா வருது, எவ்ளோ நேரத்துல வருது, எதுல சரியாகுது, அதான் எனக்கு வேணும். பச்சைத் தண்ணியில முகம் கழுவினாக்கூட இந்த இமை கொஞ்ச நேரம் தூக்கிக்கும்."

இரண்டு முறையும் அவளைக் குழாயடியில் நிறுத்தி முகம் கழுவவைத்தது நான்.

நரம்பின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேராத நோயாக இருக்கலாம், அபூர்வமானது, ஓர் ஊசி போட்டுப் பார்த்தால் தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படுத்தா மூச்சு முட்டுதா?"

"இல்ல சார்" என்றேன் உடனே.

அக்கா என்னைப் பார்த்தாள். பேச முடியவில்லை. மூன்று விரல்களைத் தூக்கினாள்.

"மூணு நாளாவா?"

தலையாட்டி மறுத்தாள்.

"மாசமா?"

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். ஒரு கண்தான் திறந்தது.

டாக்டர் கதவைத் திறந்து தள்ளுவண்டிக்குக் கத்தினார். "படுக்க வைக்காதீங்க! உட்கார்ந்தபடியே தள்ளுங்க!"

வராந்தாவில் வண்டியோடு ஓடிய நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "முழுங்க முடியுதாப்பா இவங்களுக்கு?"

"அவங்களையே கேளுங்க சிஸ்டர்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "விரல்ல சொல்லுவாங்க."