பியூலாவுக்கு ஒரு சுற்றுலா தேவைப்பட்டது

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நான் வெள்ளைக்காரனாக இருந்தேன்.

பயப்படாதீர்கள், நிறம் மாறவில்லை. இடுக்கி மலையில், ஏலப்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, எதிரே இருக்கிற பெண்ணிடம் "டெல் மீ அபௌட் யுவர் லாஸ்ட் ஹாலிடே" என்று கேட்பதுதான் வேலை. கேட்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாதாம். நான் பிறவியிலேயே அப்படித்தான் என்று என் மனைவி சான்றிதழ் கொடுத்தாள்.

எதிரே உட்கார்ந்தவள் பியூலா. எங்கள் சர்ச் கொயரில் பாடுகிற பெண். கட்டப்பனையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது – இங்கிலீஷ் பேசும் பரீட்சையில் தேறினால். முதல் முறை கோட்டை விட்டாள். இந்த முறையும் விட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அவளுடைய அம்மா ஞானப்பூ, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனால், எஸ்டேட் குடியிருக்கக் கொடுத்த லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அப்பா இல்லை. சொந்த வீடும் இல்லை. ஆக, தாயும் மகளும் இனி எங்கே குடியிருப்பது என்பது, மகள் ஹாலிடே பற்றி எவ்வளவு சரளமாகப் பேசுகிறாள் என்பதில் வந்து நின்றது. உலகம் எங்கேயோ போய்விட்டது பாருங்கள்!

நர்ஸ் வேலைக்கு ஊசி போடத் தெரியுமா என்றல்லவா கேட்க வேண்டும்? அதெல்லாம் பிறகு. முதலில் ஹாலிடே, டிரைவிங், எலக்ட்ரிக் கார். நடுச்சாமத்தில் நோயாளிக்கு மூச்சுத் திணறினால், கோடை விடுமுறையைப் பற்றிப் பேசித்தான் சமாளிப்பார்கள் போல.

ஒத்திகைப் பரீட்சை நடத்த என்னை ஏன் பிடித்தார்கள்? நான் இங்கிலீஷ் எம்.ஏ. என்பது ஒரு காரணம். எங்கள் தெருவில் எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிற ஒரே ஆள் என்பது இன்னொன்று. இரண்டாலும் இதுவரை யாருக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை.

பியூலா முழுசாகத் தயாராகித்தான் வந்தாள். கோட்டயத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் எல்லாக் கேள்விக்கும் பதில் அடித்துக் கொடுத்துவிடுவார்களாம். மனப்பாடம் செய்தால் போதும். அவள் பேட்ச் முழுக்க அதே பதில்தான்.

"டு யூ லைக் டிரைவிங்?" என்றேன்.

தனக்கு டிரைவிங் என்றால் உயிர், ஸ்டியரிங்கைப் பிடித்தாலே ஒரு சுதந்திர உணர்வு வருகிறது என்று இங்கிலீஷில் ஒப்பித்தாள். லைசென்ஸ் இருக்கிறதா? இல்லை. ஸ்கூட்டர்? இல்லை. சைக்கிள்? எங்கள் ஊர் ஏற்றத்தில் சைக்கிளா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

எலக்ட்ரிக் கார் பதில் எனக்குப் பிடித்திருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, பூமியைக் காப்பாற்ற வந்த வாகனம் அது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தைகள் என்பதால் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ஹாலிடேவுக்கு வந்தோம். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போன கோடையில் குடும்பத்தோடு மூணாறு போனாளாம். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தேயிலைத் தோட்டங்களாம். பார்த்து மூச்சே நின்றுவிட்டதாம்!

"ஏம்மா, நீ பிறந்து வளர்ந்ததே அந்தக் கம்பளத்துக்குள்ளேதானே? இதைச் சொல்ல உனக்கே கூச்சமாக இல்லையா? உண்மையைச் சொல்லு. உண்மைதான் தானாக வரும்" என்று பெரிய மனுஷனாக உபதேசம் செய்தேன்.

பியூலா உண்மையை இங்கிலீஷில் சொன்னாள். லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருவாள். துணி துவைப்பாள். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும், தைலம் தேய்த்துவிடுவாள். தூங்குவாள். திங்கட்கிழமை காலை முதல் பஸ் பிடித்துத் திரும்பிப் போவாள்.

அவ்வளவுதான். பரீட்சையில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். அவளுடைய உண்மை அரை நிமிஷம்கூட வரவில்லை. பொய் என்றால் இரண்டு நிமிஷம் தாராளமாக வருகிறது... உபதேசம் செய்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அடுத்த கட்டமாக எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. ஹாலிடே இல்லாவிட்டால் என்ன, ஒன்றை உண்டாக்கிவிடலாமே? என் கார் சும்மாதான் நிற்கிறது. அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் கிளம்பினோம். எங்கே? மூணாறு தாண்டி மாட்டுப்பட்டிக்கு.

ஞானப்பூ சர்ச்சுக்குக் கட்டும் சேலை கட்டிக்கொண்டு, ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளிச்சோறோடு வந்தார். எதற்கு இந்தப் பயணம் என்று அவருக்குச் சரியாக விளங்கவில்லை. பரீட்சைக்காக என்று மகள் சொன்னதும், ஜெபம் செய்துவிட்டு ஏறிக்கொண்டார். முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்து, டவுன் பஸ்ஸில் உட்காருவதுபோல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மாட்டுப்பட்டி போகும் வழியில், எல்லோரும் போட்டோ எடுக்கிற வளைவில் நானும் காரை நிறுத்தினேன். ஞானப்பூ இறங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கயும் தேயிலைதானா?" என்றார்.

கொழுந்து பறிக்கிறவரைத் தேயிலை காட்ட அத்தனை தூரம் கூட்டிக்கொண்டு போன அறிவாளி, உங்கள் பிரியத்துக்குரிய இந்தப் பத்தி எழுத்தாளன்தான். மலையில் குடியிருக்கிற எங்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய மடத்தனம் இது.

பக்கத்தில் வாடகைக்குக் கூடையும் சேலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பெண்கள் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, கொழுந்து பறிப்பதுபோல் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஞானப்பூ அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க எஸ்டேட்டுக்கு வாறாகளான்னு கேளுங்க. அங்க ஆளே கிடைக்க மாட்டேங்கு" என்றார்.

திரும்பும்போது மூணாறில் சார்ஜ் போட ஒரே கூட்டம். நமக்குத் தேவையில்லை, இறக்கத்தில் இந்த வண்டிக்குச் சார்ஜ் தானாகவே ஏறும் என்று இருவருக்கும் வகுப்பு எடுத்தேன். உண்மைதான், இறக்கத்தில் ஏறத்தான் செய்தது. ஆனால் இடுக்கியில் எந்த இறக்கமும் இன்னொரு ஏற்றத்தில்தான் போய் முடியும் என்பதை மறந்துவிட்டேன். பூப்பாறை தாண்டி ஒரு ஏற்றத்தில், பூமியைக் காப்பாற்ற வந்த வாகனம் புகை இல்லாமல், சத்தம் இல்லாமல் நின்றுபோனது.

நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒரு மலையாளி. கிரைண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கை எங்களுக்குக் கொடுத்தார். ஆளைச் சேர்த்து வண்டியை ஓரமாகத் தள்ளினோம். ஏலக்காய் மூட்டை ஏற்றி வந்த ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி, இது பொம்மை வண்டியா, நிஜ வண்டியா என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த பிளக்கில் சார்ஜ் ஏறுவதற்குள் சாயங்காலமே ஆகிவிடும்போல் இருந்தது.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. புளிச்சோறு சாப்பிட்டோம். ஞானப்பூ முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். நுனியில் உட்கார்ந்தவர் மெல்ல மெல்லச் சாய்ந்தார். பியூலா சீட்டைப் பின்னால் இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பியூலா, "அம்மா பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல மாமா" என்றாள்.

கேலி பேசியே பிழைக்கிற நான், கிரைண்டருக்காக பிளக்கைத் திருப்பிக் கேட்டு வந்த கடைக்காரரிடம், சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு அதே கேள்வியைக் கேட்டேன். பியூலா பேச ஆரம்பித்தாள். புளிச்சோறு, கூடை, வளைவுகள், டீக்கடை, அம்மா... இரண்டு நிமிஷம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வேண்டிய வெள்ளைக்காரன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. பியூலா தேறிவிட்டாள்! கேக் டப்பாவோடு அம்மாவும் மகளும் வந்தார்கள். பியூலா அங்கே போய் நிலைத்ததும் அம்மாவுக்குக் கட்டப்பனையில் ஒரு வாடகை வீடு பார்ப்பதாகப் பேச்சு. மகள் அவ்வளவு தூரம் போவதில் ஞானப்பூவுக்குப் பாதி அழுகை, பாதி சந்தோஷம். அடுத்த தடவை தேயிலை இல்லாத ஊராகப் பார்க்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

பரீட்சையில் ஹாலிடே கேள்விதான் வந்ததாம். மாட்டுப்பட்டி பயணத்தைத்தான் சொன்னாளாம். வண்டி நின்றுபோனதையும் சொன்னாயா என்று கேட்டேன்.

"அத மட்டும் மாத்திட்டேன் மாமா. அம்மா கொஞ்சம் தூங்கட்டும்னு நாமளே வண்டிய நிறுத்துனோம்னு சொன்னேன்" என்றாள்.

அந்தப் பொய்க்கு, நானாக இருந்தால் இன்னும் இரண்டு மார்க் கூடவே போட்டிருப்பேன்.